தேநீர் வந்தது

மஸ்கெலியா பஸ் தரிப்பிடத்துக்கு மேலே
போட்டோக்கொப்பி மெஷினுக்குப் பின்னால்
என் வாடகைப் புத்தக ராக்கை.
கிழமைக்கு முப்பது ரூபாய்.
மழை குடித்துப் புடைத்த அட்டைகளோடு
ஒற்றைப்பனைத் தீவு மர்மங்கள்,
ஒன்று முதல் இருபத்தேழு.
பதினொன்று இல்லை.
கொண்டுபோனவர் கட்டாருக்குப் போய்விட்டார்.
அந்தக் கொலையைச் செய்தது யாரென்று
இந்த ஊரில் இனி யாருக்கும் தெரியாது.

ஸ்டோர் கிளாக்கர் தேவசகாயம்
நாவலையும் பேரேடு போலத்தான் வாசிப்பார்:
"முதல் பாகத்தில் தீவின் சனத்தொகை
நானூற்றுப் பன்னிரண்டு.
செத்தது நூற்று முப்பத்தெட்டு.
தூக்கும் சிறையுமாய் இருபத்தொன்பது.
மிச்சம் இருநூற்று நாற்பத்தைந்து.
இப்படியே போனால் இன்னும் நாற்பது பாகம்.
அதற்குப் பிறகு
செத்துக் கிடக்கவும் ஆளிருக்காது தம்பி."

எட்டோடு கதை முடிந்துவிட்டது என்பது
மிட்வைஃப் ஜெசிந்தாவின் தீர்ப்பு.
"பிறகு வந்ததெல்லாம் ஒரே நஞ்சு.
அந்த நஞ்சுக்கு வாயில் நுரை வராது,
எழுதுகிறவருக்கு யாராவது சொல்லுங்கள்."
சொல்லிவிட்டு, குடையை மடக்கிக்கொண்டே
"இருபத்தெட்டு வந்துட்டுதா?"

ஆட்டோ மொஹிதீனுக்குப் பதினான்காம் பாகத்தில் சந்தேகம்.
"படகில்லாமல் கொலைகாரன் எப்படி வந்தான்?
நடந்துதான்.
பங்குனியில் நம்ம குளத்தைப் பாருங்க,
முங்கின கோயில் எழும்பி நிக்குது.
தண்ணி வத்தினா தீவும் மலைதானே."
கடல் வற்றாதே என்றேன்.
"எழுதுறவர் நெனச்சா வத்தாதா?"

ஞாயிறு பின்னேரம் யோகமலர் வருவாள்,
கீழ்ப்பிரிவிலிருந்து,
விரல் நுனியில் கொழுந்துக் கறை போகாமல்.
ஒவ்வொரு பாகத்தையும் திருப்பித் தரும்போது
ஒரே கேள்வி:
"ஒம்பதுல வந்த பூவாயி என்ன ஆனா?"

எந்தப் பூவாயி?

தேடிப் பார்த்தேன்.
முப்பத்தோராம் பக்கத்தில்
மலைநாட்டிலிருந்து வேலைக்கு வந்தவள்
ஒரு சீலைப் பையோடு படகிலிருந்து இறங்குகிறாள்.
நாற்பத்துநாலில்
பங்களா விறாந்தையில் தேநீர் வைக்கிறாள்.
அதே பக்கத்தில் முதலாளி சாகிறார்.
துப்பறியும் தபாலதிபர் கோப்பையை முகர்ந்து
இதில் நஞ்சில்லை என்கிறார்.
அவ்வளவுதான்.
பிறகு அவள் சாட்சியில்லை, சந்தேகநபரில்லை,
பிணமுமில்லை.

"சின்னப் பாத்திரம், நான் கணக்கில் எடுக்கவில்லை"
என்றார் கிளாக்கர்.
"கவனப்பிழை" என்றார் ஜெசிந்தா.
"கடைசிப் படகில் ஊருக்குத் திரும்பியிருப்பா"
என்றான் மொஹிதீன்.
யோகமலர் கேட்டாள்:
"படகுக் கூலி யாரு குடுத்தா?"

அவள் வீட்டிலிருந்து யாரும்
அப்படி ஒரு பங்களாவுக்குப் போனார்களா என்று
நான் கேட்கவில்லை.
வாடகைக் கொப்பியில் அதற்கு இடமில்லை.

போன மாதம் இருபத்தேழைத் திருப்பித் தந்தாள்.
கடைசி அத்தியாயம்.
தபாலதிபர் எல்லாரையும் கூட்டி உட்காரவைத்து
தொண்டையைச் செருமுகிறார்.
தேநீர் வந்தது.
அந்த இரண்டு சொல்லுக்குக் கீழே பென்சில் கோடு.
ஓரத்தில்:
தானா நடந்து வந்துச்சா?

அன்றிரவு கடையைச் சாத்திவிட்டு
பத்திலிருந்து ஒவ்வொன்றாய் இறக்கிப் பார்த்தேன்.
புயலில் தேநீர் வந்தது.
பொலிஸ் நிலையத்தில் வந்தது.
செத்த வீட்டில், நடுச்சாமத்தில்,
கலங்கரை விளக்கத்தின் நூற்றுப்பத்துப் படி ஏறி
ஆறாமல் வந்தது.
பக்கத்துக்குப் பக்கம் அதே பென்சில்:
யாரு? யாரு?

புத்தகத்தில் கிறுக்கினால் ஐம்பது ரூபாய் தண்டம்.
சுவரில் நானே எழுதி ஒட்டியிருக்கிறேன்.

இந்தக் கிழமை இருபத்தேழு
கிளாக்கரிடமிருந்து திரும்பி வந்தது.
பென்சிலுக்குக் கீழே
ஸ்டோரின் சிவப்பு மை.
இருநூற்று நாற்பத்தைந்தை வெட்டி,
வெட்டியதற்குச் சின்னக் கையொப்பமும் வைத்து,
இருநூற்று நாற்பத்தாறு.